தேதி முடிந்த பரிசு அட்டை: உங்களுக்கு என்ன நடந்தது?

தாம்பரத்து மகள்:
அம்மாவின் அறுபதாம் பிறந்தநாளுக்குத் தம்பி கொடுத்த 5,000 ரூபாய் அட்டை. நல்ல நாள் வரட்டும் என்று சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்கு அடியில் வைத்திருந்தார். போன மாதம் தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் அரக்கு நிறச் சேலை எடுத்தார். பில் போடும் பெண் அட்டையை இரண்டு முறை தேய்த்துவிட்டு, "தேதி முடிந்துவிட்டது அம்மா, செல்லாது" என்றார். நான் பணம் தருகிறேன் என்றேன். அம்மா கேட்கவில்லை. விரித்த சேலையைப் பழைய மடிப்பிலேயே மடித்து, முந்தானையை உள்ளே தள்ளி, அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்தார். அந்தக் கைகள் கண்ணைவிட்டுப் போக மறுக்கின்றன.

கிழக்குவாசல்:
அட்டையைப் பூட்டி வைத்ததுதான் தவறு. தீபாவளிக்கு அலுவலகத்தில் கொடுத்த 3,000 ரூபாய் அட்டையை நான் உடனே 2,600க்கு விற்கப் பார்த்தேன். இருப்பைச் சரிபார்க்க எண்ணையும் ரகசிய எண்ணையும் படமெடுத்து அனுப்பச் சொன்னார் வாங்க வந்தவர். காசால் சுரண்டி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் இருப்பு 0. அவருடைய கைபேசியும் அணைந்துவிட்டது.

கணக்குப்பிள்ளை:
கிழக்குவாசல், அவருடைய அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் அன்றே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழைத்திருக்க வேண்டும். பணம் கைக்கு வராமல் ரகசிய எண்ணை யாருக்கும் காட்டக் கூடாது. என் கதை சிறியது: அட்டையில் மிச்சமிருந்த 400 ரூபாயைக் கடையில் தர மறுத்தார்கள், விட்டுவிட்டேன். பிறகுதான் விதிகளைத் தேடிப் படித்தேன். தாம்பரத்து மகளே, அட்டையைத் திருப்பிப் பாருங்கள். வங்கியோ ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற நிறுவனமோ வெளியிட்டிருந்தால் ரிசர்வ் வங்கியின் 2021 ஆணை பொருந்தும். அட்டை குறைந்தது ஓராண்டுக்காவது செல்லுபடியாக வேண்டும். வைத்திருப்பவர் கேட்டால் தேதியை நீட்டித்தோ புது அட்டையாகவோ தரலாம். வெளியிட்டவரிடம் எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போங்கள். ஒரே கடையில் மட்டும் செல்லும் அட்டைக்கு இந்த ஆணை இல்லை. அதற்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது.

தாம்பரத்து மகள்:
பின்பக்கம் வங்கியின் பெயர் இருக்கிறது. இன்றே எழுதுகிறேன். அரக்குச் சேலையைக் கடையில் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன்.