சுமையுடன் சுழலும் உருளைக்கு எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வேண்டும்?

அனைவருக்கும் வணக்கம். ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறைக்காக, ஈர மணலும் சிமென்ட்டும் கலக்கும் 90 செ.மீ. விட்டமுள்ள கிடைமட்ட உருளை ஒன்றைச் செய்துவருகிறோம். 120 கிலோ சுமையுடன் அது நிமிடத்துக்கு 24 சுற்று சுழல வேண்டும். உருளையின் சொந்த எடை அச்சைச் சுற்றிச் சமமாக இருப்பதால் அதை விட்டுவிட்டு, ஒருபக்கமாக ஏறி நிற்கும் கலவையின் எடைமையம் அச்சிலிருந்து பக்கவாட்டில் 25 செ.மீ. விலகும் என்று கொண்டால், முறுக்குவிசை ஏறத்தாழ 294 நியூட்டன் மீட்டரும் திறன் 740 வாட்டும் வருகின்றன.

1440 சுற்று மோட்டாருடன் வேகத்தை அறுபதில் ஒரு பங்காகக் குறைக்கும் 60:1 வார்ம் கியர் பெட்டி (திருகுப் பல்சக்கரப் பெட்டி) வைத்தால் (திறன் வீணாவதே அங்குதான்) 65 சதவீதமே வெளிவரும் எனக் கணக்கிட்டால் ஒன்றரை குதிரைத்திறன் ஆகிறது. 2 எடுப்பதே சரியெனத் தோன்றுகிறது. ஆனால் மின்சாரம் நின்று திரும்பும்போது, அடியில் இறுகிய சுமையோடு சிங்கிள் பேஸ் மோட்டார் கிளம்புமா? கிளம்பும்போது கூடுதல் முறுக்குவிசை தரும் கெப்பாசிட்டர் ஸ்டார்ட் வகை போதுமா, த்ரீ பேஸ் இணைப்பே வேண்டுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.