த லாங் டார்க்: விலங்குகளை அதிகமாக்க மாட் போட்டும் காடு காலியாகவே இருக்கிறது, உதவுங்கள்

பனிக்கூடாரம்:
யாராவது சீக்கிரம் சொல்லுங்கள். த லாங் டார்க் என்ற, பனிக்காட்டில் உயிர்பிழைக்கும் வீடியோ விளையாட்டில் விலங்குகள் போதவில்லை என்று ஒரு மாட் (ஆட்டத்தை மாற்ற ரசிகர்கள் எழுதும் கூடுதல் நிரல்) இறக்கிப் போட்டேன். ஓநாய், மான், முயல் எல்லாம் கூட வேண்டும் என்பதுதான் ஆசை. விளையாட்டு ஒழுங்காகத் திறக்கிறது, பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் ஒரு விலங்குகூட கூடவில்லை. சொல்லப்போனால் முன்பு ஏரிப் பக்கம் திரிந்த மான்களையும் காணோம். வார இறுதி முழுக்க உட்கார்ந்து ஆட நினைத்திருக்கிறேன். என்ன செய்யலாம்?

முயல்கண்ணி:
கணினியா, கன்சோலா? கன்சோல் என்றால் பேச்சே வேண்டாம், அதில் மாட் போட வழியில்லை. கணினி என்றால் எந்தக் கடையில் வாங்கியது, ஸ்டீமா, எபிக்கா? அந்த மாட் பெயர் என்ன? விளையாட்டு எந்தப் பதிப்பு? இது எதுவும் தெரியாமல் யாராலும் உதவ முடியாது நண்பா.

நெல்லைக்கோடாலி:
எந்த ஏரி, மிஸ்டரி லேக்கா? கேம்ப் ஆபிஸுக்கு முன்னால் உறைந்து கிடக்குமே, அதுவா? அங்கே ஓநாய் மானைத் துரத்துவது வழக்கம். இந்த விளையாட்டில் ஓநாய்க்கு நாம் மட்டும் இரை இல்லை, மானையும் முயலையும் கண்ணெதிரே அடிக்கும். மாட் வேலை செய்து ஓநாய் மட்டும் கூடியிருக்கிறது, அவை மானைத் தீர்த்துவிட்டன என்பது என் கணிப்பு. காகம் வட்டமிடும் இடத்தில் போய்ப் பாருங்கள், கீழே சடலம் கிடக்கும்.

சுந்தர்கேம்ஸ்:
ஸ்டீமில் கோப்புகளைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது, அதை ஓட்டுங்கள். எனக்கு எந்த விளையாட்டில் எந்தக் கோளாறு வந்தாலும் அதுதான் தீர்த்திருக்கிறது. தீரவில்லை என்றால் முழுதாக அழித்துவிட்டு மறுபடி நிறுவுங்கள்.

திருகாணி:
அழிக்கச் சொல்லாதீர்கள், அது கடைசி வழி. பனிக்கூடாரம், முதலில் சேவ் கோப்புகளை, அதாவது உங்கள் ஆட்டம் பதிவாகியிருக்கும் கோப்புகளை, பத்திரப்படுத்துங்கள். விண்டோஸில் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் விளையாட்டை உருவாக்கிய நிறுவனத்தின் பெயரில் ஹின்டர்லேண்ட் என்ற ஃபோல்டர். அதை அப்படியே வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். அப்புறம் விளையாட்டு இருக்கும் ஃபோல்டரில் மாட்களை ஏற்றும் மெலன்லோடர் என்று ஒன்று இருக்கும், அதற்குள் லேட்டஸ்ட் என்ற பெயரில் லாக் கோப்பு. அதைத் திறந்து முதல் பக்கத்தை இங்கே ஒட்டுங்கள். எந்த மாட் ஏறியது, எது ஏறவில்லை என்று அதில் வரி வரியாக இருக்கும்.

வடதுருவன்:
இதே கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் எழுதுவது? தேடிப் பார்க்கும் பழக்கமே இப்போது வருகிறவர்களுக்குக் கிடையாது. விலங்கு வேண்டும் என்றால் மாட் எதற்கு? கஸ்டம் மோட் என்று, விதிகளை நாமே அமைத்து ஆடும் முறை ஒன்றை ஹின்டர்லேண்ட்காரர்களே தந்திருக்கிறார்கள். ஓநாய், கரடி, மூஸ் (மிகப் பெரிய மான் இனம்), மான், முயல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எவ்வளவு வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். கொன்ற விலங்கு எவ்வளவு வேகத்தில் திரும்பி வர வேண்டும் என்பதையும் மாற்றலாம். இதைக்கூடப் பார்க்காமல் யாரோ போட்ட வீடியோவை நம்பிக் கண்டதையும் இறக்குகிறீர்கள். முதலில் விளையாட்டை முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள் தம்பி, மாட் அப்புறம்.

பனிக்கூடாரம்:
ஸ்டீம்தான். பதிப்பு 2 சொச்சம். மாட் பெயர் வைல்ட்லைஃப் என்று தொடங்கும். மெலன்லோடர் போட்டு, மாட்ஸ் ஃபோல்டரில் மாட் அடங்கிய டிஎல்எல் கோப்பையும் வைத்தாயிற்று. கஸ்டம் மோட் வேண்டாம், என் பழைய சேவில் அது எடுபடாது. லாக் இரவு வந்து ஒட்டுகிறேன்.

முயல்கண்ணி:
பழைய சேவா? இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. எந்த நிலை? எளிதிலிருந்து கடினம் வரை பில்கிரிம், வாயஜர், ஸ்டாக்கர், இன்டர்லோப்பர், எதில் ஆடுகிறீர்கள்?

நெல்லைக்கோடாலி:
நிலை எதுவானாலும் ஓநாய் மானைத் தின்னத்தான் செய்யும். நான் சொன்னதை ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

முயல்கண்ணி:
அண்ணா, நிலையைப் பொறுத்து எல்லாமே மாறும். பில்கிரிமில் ஓநாய் நம்மைக் கண்டால் ஓடும். ஸ்டாக்கரில் தெருவுக்குத் தெரு ஓநாய். இன்டர்லோப்பரில் துப்பாக்கியே கிடையாது, வில்லையும் நாமேதான் செய்துகொள்ள வேண்டும், விலங்கும் குறைவு. இன்டர்லோப்பர் சேவ் என்றால் காடு காலியாக இருப்பதுதான் அதன் இயல்பு.

மரவெட்டி:
நானும் இதே பிரச்சினையில் இருக்கிறேன். யாராவது தீர்வு சொன்னால் எனக்கும் உதவும்.

திருகாணி:
மரவெட்டி, உங்கள் லாக்கையும் ஒட்டுங்கள். ஒரே மாதிரி தெரியும் பிரச்சினைக்குக் காரணம் வேறு வேறாக இருக்கும்.

காத்திருக்கும் நேரத்தில் இதன் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். விலங்குகள் வரைபடம் முழுக்கத் தன் போக்கில் பிறந்து திரிவதில்லை. ஒவ்வொரு பகுதியிலும் இன்ன இடத்தில் ஓநாய், இன்ன இடத்தில் முயல் என்று உருவாக்கியவர்கள் இடம் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் ஒரே நேரத்தில் எத்தனை இருக்கலாம், கொன்றால் எவ்வளவு நாளில் மறுபடி வரும் என்பதை ஆட்டத்தின் நிலை தீர்மானிக்கிறது. கஸ்டம் மோடில் நாம் தொடும் எண்கள் இவைதான். ஆட்டம் தொடங்கும்போது தேர்ந்தெடுத்ததை நடுவில் மாற்ற முடியாது. அதனால்தான் பழைய சேவ் வைத்திருப்பவர்கள் மாட் தேடிப் போகிறார்கள். வடதுருவன் சொன்ன வழி புது ஆட்டத்துக்குச் சரி, இவருக்கு உதவாது.

வடதுருவன்:
புது ஆட்டம் தொடங்க வேண்டியதுதானே. சேவைக் கட்டிக்கொண்டு அழுவதில் என்ன இருக்கிறது?

குளிர்காலக்குருவி:
அப்படிச் சொல்லாதீர்கள் ஐயா. இன்டர்லோப்பரில் நெடுநாள் தாக்குப்பிடிப்பது சும்மா வருகிற காரியம் இல்லை. அந்த சேவை விட்டுவிடு என்று சொல்ல மனசு வராது.

என் கேள்வி வேறு. விலங்கைக் கூட்டுவது என்றால் எண்ணிக்கையை மட்டும்தானா? லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை, வால்வரின் என்ற சிறு வேட்டைவிலங்கு, காரிபூ என்ற மான் மாதிரி புது இனங்களைச் சேர்க்க முடியாதா? கனடாக் காடு என்கிறார்கள், லின்க்ஸ் இல்லாமல் அது என்ன காடு?

திருகாணி:
எண்ணைக் கூட்டுவது ஒரு வேலை, புது இனம் சேர்ப்பது முற்றிலும் வேறு வேலை. லின்க்ஸுக்கு முதலில் முப்பரிமாண உருவம் வேண்டும். அதற்குள் எலும்புக்கூடு, அதன் மேல் நடை, ஓட்டம், பதுங்கல், பாய்ச்சல், சாவு என்று ஒவ்வொன்றுக்கும் அசைவு. குரல் வேண்டும். நம்மைக் கண்டால் என்ன செய்யும், நெருப்பைக் கண்டால் என்ன செய்யும், முயலைக் கண்டால் என்ன செய்யும் என்று அறிவு எழுத வேண்டும். செத்த பிறகு தோல் உரிக்க, இறைச்சி அறுக்க, அந்தத் தோலைப் பதப்படுத்தித் தைக்க வழி வேண்டும். யூனிட்டி என்ற பொதுவான மென்பொருளில் செய்த விளையாட்டு என்பதால் உருவத்தை உள்ளே கொண்டுவருவது முடியாத காரியம் இல்லை. ஆனால் ஓநாயின் அறிவை லின்க்ஸ் தோலுக்குள் வைத்தால் அது ஓநாய் மாதிரிதான் நடந்துகொள்ளும், ஆடுகிறவர் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார். முழுநேரக் குழு வைத்திருக்கும் ஹின்டர்லேண்டே பூமா என்ற பெரிய காட்டுப்பூனையைக் கொண்டுவர எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது என்று பாருங்கள்.

தண்டர்பேதமிழன்:
நான் ஒன்டாரியோவில் இருக்கிறேன், இங்கே குளிர்காலக் காட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். விளையாட்டில் இப்போது இருக்கும் விலங்கே அதிகம். ஸ்னோஷூ அணிந்துகொண்டு காலை முழுக்க நடந்தாலும் கண்ணில் படுவது அணிலும் காகமும்தான். ஆனால் பனியைப் பார்த்தால் தடம் தடமாக இருக்கும். முயல் தடத்தில் பின்னங்கால் இரண்டும் முன்னால் விழுந்திருக்கும், அதன் ஓரமாகவே நரித்தடம் கொஞ்ச தூரம் போய் விலகும். விலங்கைக் காண்பதே அபூர்வம், அது விட்டுப்போனதைத்தான் காணலாம். கூட்ட வேண்டியது தடங்களை, ஓநாய்களை இல்லை. இன்னொன்று, கரடி. இங்கே கரடி இலையுதிர்காலக் கடைசியில் குகைக்குள் போனால் வசந்தத்தில்தான் வெளியே வரும். விளையாட்டில் கொட்டும் பனியில் உலாவுகிறது.

குளிர்காலக்குருவி:
அண்ணா, பூமியின் காந்தப்புலம் குலைந்த பிறகான உலகம் என்றுதானே கதையே தொடங்குகிறது? அரோரா (துருவ ஒளி) இரவில் ஓநாய் பச்சையாக ஒளிர்கிறது, செத்துக்கிடந்த மின்விளக்கு எரிகிறது. கதை நடக்கும் அந்தத் தீவில் கரடி தூங்காமல் திரிவதில் எனக்குக் குறை தெரியவில்லை.

நெல்லைக்கோடாலி:
காடு என்றால் விலங்கு இருக்க வேண்டும். பணம் கொடுத்து வாங்கிய விளையாட்டில் அணிலைப் பார்க்கவா ஒரு மணி நேரம் நடப்பேன்?

தண்டர்பேதமிழன்:
அணிலுக்காகச் சொல்லவில்லை கோடாலி. ஒரு தீவு எத்தனை ஓநாயைத் தாங்கும் என்பதற்கு நிஜ உதாரணமே இருக்கிறது. சுப்பீரியர் ஏரியில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஐல் ராயல் என்ற தீவு. ஏறக்குறைய 535 சதுர கிலோமீட்டர். 1958 முதல் அங்கே ஓநாயையும் மூஸையும் எண்ணிக்கொண்டு வருகிறார்கள். 1980இல் ஓநாய் 50 வரை ஏறியது. அடுத்த இரண்டே ஆண்டில் நாய்களிடமிருந்து வந்த பார்வோ வைரஸால் 14ஆகச் சரிந்தது. ஓநாய் குறைந்ததும் மூஸ் பெருகி 1995 வாக்கில் 2,400ஐத் தொட்டது. அடுத்து வந்த கொடிய குளிரிலும் உண்ணியிலும் பட்டினியிலும் பெரும்பகுதி செத்து ஐந்நூறு சொச்சம்தான் மிஞ்சியது. கடைசியில் தீவில் இரண்டே ஓநாய் மிஞ்சி, 2018, 2019இல் வெளியிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும், அதுதான் கணக்கு. விளையாட்டில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் உச்சத்தில் வைக்கலாம், ஆனால் அப்போது அது குளிர்காடாக இருக்காது.

நெல்லைக்கோடாலி:
நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள். ஓநாய் கூடினால் மான் குறையும். முதல் நாளிலேயே எழுதிவிட்டேன்.

தண்டர்பேதமிழன்:
நிஜக் காட்டில் அப்படித்தான். இவருடைய கணினியில் நடந்தது அதுவா என்பது லாக் பார்த்தால்தான் தெரியும்.

வடதுருவன்:
இழை எங்கோ போய்விட்டது. உயிரியல் பாடம் நடத்த வேறு இடம் இருக்கிறது.

பனிக்கூடாரம்:
லாக். மேலிருந்து ஏற்றப்பட்ட மாட் பட்டியல் வரை படமாகப் போட்டிருக்கிறேன். நிலை இன்டர்லோப்பர்.

திருகாணி:
பார்த்தேன். இரண்டு மாட்கள் ஏறியிருக்கின்றன. ஒன்று அமைப்புப் பக்கத்துக்கானது, அதனால் பாதகம் இல்லை. இரண்டாவதுதான் விஷயம். நீங்கள் போட்டிருப்பது விலங்குகளைக் குறைக்கும் மாட். இன்டர்லோப்பரே போதாது, இன்னும் கடினமாக வேண்டும் என்கிறவர்களுக்காக எழுதப்பட்டது. வருகிற விலங்கையும் குறைக்கும், திரும்பி வரும் வேகத்தையும் குறைக்கும். பிழைச் செய்தி ஏன் வரவில்லை என்றால், அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. மான்கள் போனதும் அதனால்தான்.

விளையாட்டை மூடிவிட்டு மாட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்த டிஎல்எல்லை வெளியே எடுங்கள். அதே சேவைத் திறந்து விளையாட்டுக்குள் சில நாள் வேறு பகுதியில் கழித்துவிட்டு ஏரிக்குத் திரும்புங்கள். காலியான இடங்கள் உடனே நிரம்பாது, அவகாசம் கொடுங்கள். அதன் பிறகும் குறைவாகத் தெரிந்தால் அது இன்டர்லோப்பரின் இயல்பு. அதற்கு மேல் வேண்டும் என்றால் கூட்டுவதற்கான மாட் தேடும்போது, உங்கள் விளையாட்டுப் பதிப்புக்கும் மெலன்லோடர் பதிப்புக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். விளையாட்டு புதுப்பிக்கப்படும்போதெல்லாம் பழைய மாட்கள் ஏறாமல் போவது வாடிக்கை.

முயல்கண்ணி:
அருமை. புது மாட் எதைப் போட்டாலும் முதலில் ஒரு தற்காலிக ஆட்டத்தில் சோதித்துவிட்டு அப்புறம் அந்தப் பெரிய சேவைத் திறங்கள்.

சுந்தர்கேம்ஸ்:
கோப்புகளைச் சரிபார்த்தீர்களா என்று அவர் சொல்லவே இல்லையே.

பனிக்கூடாரம்:
எடுத்துவிட்டேன். ஏரியில் இரண்டு மான், மரங்களுக்குள் ஒரு ஓநாய். கூட்டுவதற்கும் ஒரு மாட் கிடைத்தது, அதுவும் ஏறியிருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

மரவெட்டி:
விலங்கைக் கூட்டும் அந்த மாட் பெயர் என்ன? எந்தப் பதிப்பில் போட்டீர்கள்?

முயல்கண்ணி:
பனிக்கூடாரம், பெயரை மட்டும் எழுதிவிட்டுப் போங்கள், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

மரவெட்டி:
யாருக்காவது தெரியுமா? நான் வாயஜரில் ஆடுகிறேன், எபிக் பதிப்பு. என் லாக்கை நாளை ஒட்டுகிறேன்.