பின்கட்டு நீச்சல் தொட்டிக்கு டஸ்ட் எத்தனை யூனிட்? கணக்கு தப்பின இடங்கள்

கண்டனூர் மேஸ்திரி
கானாடுகாத்தான் பக்கம் ஒரு பின்கட்டுல பார்த்த தொட்டி இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்குது. 15 அடி விட்டம், தரை மேல இரும்புக் கால் வச்சு நிக்கிற ஷீட் தொட்டி. ஒரு கால் மட்டும் அடியில போட்ட டஸ்டுக்குள்ள (கிரஷர்ல கல் உடைக்கிறப்ப வர்ற தூள்) நாலு விரக்கடை இறங்கி, அந்தப் பக்கம் தண்ணி விளிம்பைத் தொட்டுக்கிட்டு நிக்குது. காலுக்கு வெளிப்பக்கம் டஸ்டே இல்லை, வெறும் செம்மண்.

டஸ்ட் மெத்தைக்குத் தொட்டி அளவுக்கே கணக்குப் போட்டதுதான் காரணம். சுத்தி ஒரு அடி விட்டு 17 அடிக்குப் போடணும். 17×17×0.785, சுமாரா 227 சதுர அடி. 4 அங்குல கனம்னா மூணால வகுங்க, 76 கன அடி. 15 அடிக்குப் போட்டா 59தான் வரும். குறையிற 17 கன அடியும் ஓரத்துல இருக்க வேண்டியது. மூணரை அடி தண்ணி நின்னா சதுர அடிக்கு 99 கிலோ. ஓரம் தாங்கலைன்னா கால் இறங்காம என்ன செய்யும்?

தேவகோட்டை சிவில்
அண்ணே, 76 கன அடின்னு சொல்லி வண்டிக்குச் சொன்னா பத்தாது. அது இறுக்கின பிறகு நிக்கிற அளவு. வண்டியில வர்றது உதிரி. டஸ்ட் இறுகும்போது ஐந்துல ஒரு பங்கு அடங்கும். அதனால 76-ஐ 0.8-ஆல வகுக்கணும், 95 கன அடி. நிறையப் பேர் 1.2-ஆல பெருக்கி 91-னு நிறுத்திடறாங்க, அது தப்பு. 100 கன அடி ஒரு யூனிட், ஆக ஒரு யூனிட் சரியா இருக்கும்.

4 அங்குலத்தையும் ஒரே தடவையில கொட்டி இடிக்காதீங்க. மேல் கெட்டியாகும், அடி பொலபொலன்னே கிடக்கும். உதிரியா இரண்டரை அங்குலம் பரப்பி, தண்ணி தெளிச்சு, திமிசுக் கட்டையால இடிச்சு 2 அங்குலமாக்கணும். அப்புறம் அடுத்த வரிசை. இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் தண்ணி டியூப்ல மட்டம் பிடிச்சா ஒரு அங்குலத்துக்கு மேல வித்தியாசம் வரக்கூடாது.

தரை சரிவா இருந்தா பள்ளத்தை டஸ்ட் போட்டு மேடாக்காதீங்க. மேட்டை வெட்டிப் பள்ளத்தோட மட்டத்துக்குக் கொண்டு வாங்க. 6 அங்குலச் சரிவை நிரப்பியே சரி பண்ணா, சராசரி 3 அங்குலம், இன்னும் 57 கன அடி கூடும். அதுவும் ஒரு பக்கம் மட்டும் கனமா இருந்து, தண்ணி நிறைஞ்சதும் அங்கேயே அமுங்கும்.

புதுவயல்காரன்
டஸ்டுக்குச் சொன்ன கணக்கு எம்சாண்டுக்கு (கல்லை உடைச்சுச் செய்யுற மணல்) ஆகாது. ஈரமா வர்ற மணல் உப்பி நிக்கும். தேவகோட்டைக்காரர் இதைச் சொல்லாம விட்டுட்டார். கண்ணாடி பாட்டில்ல ஈர மணலைத் தளர 8 அங்குலம் நிரப்பி வெளியே எடுங்க. பாட்டில்ல பாதி தண்ணி விட்டு, அதே மணலைப் போட்டுக் கலக்கிப் படிய விடுங்க. 6½ அங்குலத்துல நின்னா, நூறு கன அடின்னு அளந்து கொடுத்த வண்டியில உண்மையில இருக்கிறது 81தான். இதுக்கு மேல இறுக்கறப்ப அடங்குறது தனி.

என் அபிப்பிராயம், மணலை முழு மெத்தைக்கும் போடவே வேணாம். தொட்டி உட்கார்ற இடத்துல மட்டும் டஸ்ட் மேல ஒரு அங்குலம் சலிச்ச மணல், 15 கன அடி. ஒவ்வொரு இரும்புக் காலுக்குக் கீழயும் ஒரு அடிக்கு ஒரு அடி கடப்பாக் கல் பதிச்சு, அதோட மேல் முகம் மெத்தை மட்டத்துக்கே நிக்கணும்.

பள்ளத்தூர் தோட்டம்
யாரும் கேக்கலை, ஆனா கோரையைப் பத்தி ஒருத்தரும் பேசலையே! நம்ம செம்மண்ல கிடக்கிற கோரைக் கிழங்கு டஸ்டையும் மணலையும் துளைச்சு, ஊசி மாதிரி முளை விட்டு, தொட்டி ஷீட்டையே குத்தும். இலையைப் பிடுங்கினா மறுபடி வரும். மண்ணை அரை அடி கொத்திச் சலிச்சு, கிழங்கைப் பொறுக்கணும். ஷீட்டுக்கு அடியில சணல் சாக்கு, அட்டை விரிக்காதீங்க, கரையான் வந்து சேரும். ஜியோ டெக்ஸ்டைல்னு மண்ணுக்கு மேல விரிக்கிற செயற்கை நூல் துணி விரிங்க.

ஐப்பசி மழைக்கு ஓர டஸ்ட் கரைஞ்சு ஓடும். சுத்தி செம்புராங்கல் வரிசை வச்சிடுங்க. 17 அடி விட்டத்துக்குச் சுற்றளவு 53½ அடி. ஒண்ணேகால் அடி நீளக் கல்லுன்னா 43 கல்.

கண்டனூர் மேஸ்திரி
கல் 17 அடிக்கு வெளியே நிக்கணும்னு சேர்த்துச் சொல்லுங்க. உள்ளே வச்சா கல்லோட அகலம் மெத்தையைத் தின்னுடும், கால் மறுபடி ஓரத்துக்கே வந்துடும். வெளியே வச்சா வட்டம் பெருசாகும், ரெண்டு மூணு கல் கூடவே வாங்குங்க.