மெடிக்கல் ஹியூமானிட்டீஸ் கட்டுரைகள்: சொல் தெரிகிறது, வாக்கியம் பிடிபடவில்லை

இரவுப்பணி:

எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை, டயாலிசிஸ் யூனிட், ஸ்டாஃப் நர்ஸ். வரும் செப்டம்பரில் இங்கிலாந்தில் மெடிக்கல் ஹியூமானிட்டீஸ் எம்.ஏ. சேரப் போகிறேன். நோயையும் சிகிச்சையையும் இலக்கியம், வரலாறு, தத்துவம் வழியாகப் பார்க்கிற படிப்பு. ‘நர்சுக்கு இது எதுக்கு’ என்று வீட்டில் கேட்டு முடித்துவிட்டார்கள், இங்கே யாரும் மறுபடி கேட்க வேண்டாம்.

வகுப்பு தொடங்குமுன் படிக்கச் சொல்லி ஒரு கட்டு கட்டுரைகள் அனுப்பியிருக்கிறார்கள். ராத்திரி ஷிஃப்டில் எல்லோரையும் மெஷினில் போட்ட பிறகு, பி.பி. பார்க்கும் இடைவெளிகளில் போனில் படிக்கிறேன். இங்கிலீஷ் எனக்குப் புதிதல்ல. கேஸ் ஷீட் முழுக்க இங்கிலீஷ்தான், ஐஇஎல்டிஎஸ் ஸ்கோரும் நன்றாகவே வந்தது. ஆனால் இந்தக் கட்டுரைகளில் ஒரு பக்கம் தாண்டுவதற்குள் மூச்சு வாங்குகிறது.

இத்தனைக்கும் நான் மாட்டிக்கொள்வது பெரிய பெரிய சொற்களில் இல்லை. அவற்றை அகராதியில் பார்த்து நோட்டில் எழுதிவிடுகிறேன். தெரிந்த சொற்கள்தான் காலை வாருகின்றன. ‘நோயாளியின் ஏஜென்சி’ என்று வருகிறது. எனக்கு ஏஜென்சி என்றால் வளைகுடாவுக்கு நர்ஸ் அனுப்புகிற ஆபீஸ். ‘நம் ஆய்வு இந்தப் பார்வையை காம்ப்ளிகேட் செய்கிறது’ என்று ஒருவர் பெருமையாக எழுதுகிறார். எங்கள் யூனிட்டில் காம்ப்ளிகேஷன் என்றால் பி.பி. இறங்கி, காலில் கிராம்ப் பிடித்து, டாக்டருக்கு போன் அடிக்க வேண்டிய சமாச்சாரம். அதை ஒருவர் வேண்டுமென்றே செய்வாரா?

நோட்டு நிறைகிறது, படிப்பு நகரவில்லை. இந்த மாதிரி இங்கிலீஷை எப்படிப் பிடித்தீர்கள்? ஆப் எதையும் சிபாரிசு செய்யாதீர்கள், போனில் இடமில்லை.

பட்டியல்பிரியன்:

அகாடமிக் வேர்டு லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்டது. கலை, வணிகம், சட்டம், அறிவியல் என்று பல துறைக் கட்டுரைகளைச் சேர்த்து, சுமார் 35 லட்சம் சொற்களை அலசி, 570 சொற்குடும்பங்களை (ஒரே வேரிலிருந்து வரும் சொற்களின் கூட்டம்) பொறுக்கி எடுத்தார். கல்வி சார்ந்த எந்தக் கட்டுரையை எடுத்தாலும் பத்தில் ஒரு சொல் இதிலிருந்து வரும். இலவசமாகவே கிடைக்கிறது. தினம் கொஞ்சம் மனப்பாடம் செய்தால் செப்டம்பருக்குள் முடித்துவிடலாம். நான் ஜிஆர்ஈக்கு அப்படித்தான் செய்தேன்.

ஆத்தர்க்வெரி:

சிஸ்டர், உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் சென்னையில் ஜர்னல் காப்பி எடிட்டர். வெளிநாட்டு ஜர்னல்கள் பலவற்றுக்கு இங்கிலீஷ் பார்க்கிற வேலை இங்கேதான் நடக்கிறது. நான் பல வருஷமாக ஹியூமானிட்டீஸ் பிரிவு. நாள் முழுக்க இந்த மாதிரி வாக்கியங்களோடுதான் குடித்தனம்.

பட்டியல்பிரியன் சொன்ன பட்டியல் நல்ல பட்டியல்தான், குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் நோய்க்கு அது மருந்தில்லை. அதிலிருக்கிற சொற்களில் பெரும்பாலானவை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். உங்கள் சிக்கலே தெரிந்த சொல்தானே? இந்தத் துறையின் ஆட்கள் ஆஸ்பத்திரி மொழியை எடுத்து வேறு வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். சப்ஜெக்ட், பிராக்டிஸ், டிசிப்ளின், அக்கவுண்ட், பிரசன்ட் எல்லாமே அப்படித்தான். ஏஜென்சி என்றால் தன் விஷயத்தில் தானே முடிவெடுத்துச் செயல்படும் சக்தி. டயாலிசிஸை வாரத்துக்கு மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துக்கொள்கிறேன் என்று ஒரு பெரியவர் அடம்பிடித்தால், நீங்கள் ஷீட்டில் ‘நான்-கம்ப்ளையன்ட்’, அதாவது சொன்னபடி கேட்காதவர், என்று எழுதுவீர்கள். அதே ஆளைப் பற்றி இவர்கள் ஏஜென்சி என்று எழுதுவார்கள். காம்ப்ளிகேட் செய்வது என்றால், ‘விஷயம் நீங்கள் நினைக்கிற அளவு சுலபமில்லை’ என்று காட்டுவது. அந்த ஊரில் அது புண்ணிய காரியம்.

சரி, எங்கே தொடங்குவது? என் யோசனை: உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த இங்கிலீஷைப் பற்றியே எழுதப்பட்ட ஒரு கட்டுரையில் தொடங்குங்கள். ரெனே ஆன்ஸ்பாக் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1988இல் எழுதியது. பயிற்சி மருத்துவர்கள் மூத்தவர்களிடம் கேஸ் பிரசன்ட் செய்யும்போது எப்படிப் பேசுகிறார்கள் என்பதுதான் விஷயம். கருவி சொன்னால் ‘ஸ்கேன் ஷோஸ்’, ‘பயாப்ஸி ரிவீல்டு’. ஸ்கேன் காட்டிவிட்டது, பயாப்ஸி வெளிப்படுத்திவிட்டது, அப்பீல் கிடையாது. நோயாளி சொன்னால் மட்டும் ‘ஸ்டேட்ஸ்’, ‘ரிப்போர்ட்ஸ்’, ‘டினைஸ்’. மார்வலி இல்லை என்று ஒரு அம்மா சொன்னால் ஷீட்டில் ‘டினைஸ் செஸ்ட் பெயின்’. போலீஸ் ஸ்டேஷனில் குற்றத்தை மறுத்த மாதிரி! அதோடு, யார் செய்தார்கள் என்பதே வராமல் ‘வாஸ் கிவன்’, ‘வாஸ் டன்’ என்று முடியும் வாக்கியங்கள். நீங்கள் கை வலிக்க எழுதுகிற வரிகள் இவை. அவற்றை ஒருவர் வெளியே நின்று பார்த்து விளக்கும்போது, விளக்குகிற இங்கிலீஷ் தானாகவே பிடிபடும், ஏனென்றால் உள்ளடக்கம் முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. பொருள் தெரிந்த இடத்தில்தான் மொழி ஒட்டும். பொருளும் புதிது, மொழியும் புதிது என்றால் ரெண்டுமே நிற்காது.

அடுத்தது, வினைச்சொற்கள். பெயர்ச்சொல்லைத்தான் எல்லோரும் நோட்டில் எழுதுகிறார்கள். கட்டுரையை ஓட்டுகிறவை வினைகள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்லும்போது எந்த வினையைப் போடுகிறார் என்று பாருங்கள். ‘சஜஸ்ட்ஸ்’ என்றால் மெதுவாக முன்வைக்கிறார். ‘ஆர்க்யூஸ்’ என்றால் காரணத்தோடு வாதாடுகிறார். ‘கன்டெண்ட்ஸ்’ என்றால் எதிராளி ஒருவர் இருக்கிறார். ‘கன்சீட்ஸ்’ என்றால் எதிராளி சொன்னதில் ஒரு பகுதியை மனமில்லாமல் ஒப்புக்கொள்கிறார். ‘க்ளெய்ம்ஸ்’ என்றால், பெரும்பாலும், எழுதுகிறவருக்கு அதில் நம்பிக்கை இல்லை. எங்கள் ஆபீசில் புதிதாகச் சேருகிற பிள்ளைகள் வாக்கியத்தை ‘அழகாக்க’ சஜஸ்ட்ஸை எடுத்துவிட்டு ‘ப்ரூவ்ஸ்’ (நிரூபிக்கிறார்) போடுவார்கள். ஆசிரியரிடமிருந்து வருகிற மெயிலின் சூடு சென்னை வெயிலைத் தோற்கடிக்கும். அந்த ஒரு சொல்லில்தான் அவருடைய வாதத்தின் அளவே இருக்கிறது. இந்த வினைகளை மட்டும் வட்டம் போட்டுக்கொண்டு ஒரு கட்டுரையைப் படித்துப் பாருங்கள். யார் யார் பக்கம், எங்கே சண்டை என்பது தெரிந்துவிடும். அப்புறம் நடுவில் நான்கு சொல் தெரியாவிட்டாலும் குடி முழுகாது.

நோட்டு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தனிச்சொல்லை எழுதாதீர்கள், அதன் இருபுறமும் உள்ளவர்களோடு சேர்த்து எழுதுங்கள். ‘விட்னெஸ்’ என்று மட்டும் எழுதினால் கோர்ட்டுதான் ஞாபகம் வரும். ‘பேர் விட்னெஸ் டு சஃபரிங்’ என்று முழுசாக எழுதினால், துன்பத்துக்கு உடனிருந்து சாட்சியாவது என்ற பொருள் அங்கேயே இருக்கிறது. முதல் தடவை கண்ணில் பட்டதுமே எழுதிவிடாதீர்கள். வேறு வேறு இடத்தில் திரும்பத் திரும்ப வருகிற சொல்லுக்குத்தான் நோட்டில் இடம்.

ஆளை மாற்றி மாற்றிப் படிக்காமல் ஒருவரையே கொஞ்ச காலம் தொடருங்கள். ஒவ்வொரு எழுத்தாளருக்கும் பிடித்த சொற்கள் ஒரு கைப்பிடிதான், அவை சுற்றிச் சுற்றி வரும். உங்களுக்கு நான் சொல்வது ஆர்தர் க்ளைன்மன். ஹார்வர்டில் மனநல மருத்துவர், மானுடவியலாளரும்கூட. 1988இல் வந்த ‘தி இல்னெஸ் நரேட்டிவ்ஸ்’ முழுக்க நாள்பட்ட நோயாளிகளின் கதைகள். டாக்டர் கண்டுபிடிக்கிற டிசீஸ் வேறு, அந்த மனிதர் அனுபவிக்கிற இல்னெஸ் வேறு என்று பிரித்துக் காட்டியவர். டயாலிசிஸ் யூனிட்டில் இருக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃபூக்கோ என்ற பிரெஞ்சுத் தத்துவவாதியை மட்டும் இப்போது தொடாதீர்கள், படிக்கக் கடினம். அவர்கள் அனுப்பிய கட்டுக்குள் இருந்தாலும் கடைசியில் வையுங்கள்.

வலிமானி:

பிசியோதெரபிஸ்ட், திருநெல்வேலி. ஆத்தர்க்வெரி சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன் சிஸ்டர்.

மெக்கில் வலி வினாத்தாள் பார்த்திருப்பீர்கள். ரொனால்ட் மெல்ஸாக் 1975இல் வெளியிட்டது. வலியைச் சொல்ல 78 சொற்கள், 20 தொகுதிகள். நாம் அதை ஃபார்ம் மாதிரி நிரப்பிவிட்டுப் போய்விடுகிறோம், ஆனால் சொல் கற்க அதைவிட நல்ல தாள் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு தொகுதியிலும் சொற்கள் வலியின் கடுமைப்படி ஏறுவரிசையில் இருக்கும். முதல் தொகுதி ஃப்ளிக்கரிங்கில் தொடங்கி த்ராபிங் வழியாக பௌண்டிங்கில் முடியும். மூன்றாவது தொகுதியில் ப்ரிக்கிங், போரிங், ட்ரில்லிங், ஸ்டாபிங், லான்சினேட்டிங். போரிங் என்றால் அலுப்பு இல்லை, குடைவது. ‘முட்டியில குடையுது’ என்று எங்கள் ஊர் ஆச்சி சொல்கிறாரே, அதேதான்.

நம் ஆட்கள் வலியைச் சொல்கிற விதத்தைக் கவனியுங்கள். குத்துகிறது, கடுக்கிறது, இழுக்கிறது, சுருக்கென்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது, மண்டையைப் பிளக்கிறது. தலைவலியை டாக்டரிடம் சொல்ல இங்கிலீஷில் சொல்லே கிடைப்பதில்லை என்று ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1926இல் ஒரு கட்டுரையில் குறைப்பட்டுக்கொண்டார். நம் ஓ.பி. வரிசையில் பத்து நிமிஷம் நின்றிருந்தால் பொறாமைப்பட்டிருப்பார். நான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கற்றேன். ஸ்ப்ளிட்டிங்கும் அந்த 78இல் ஒன்று. ‘கடுப்பு’க்குத்தான் இன்னும் ஜோடி அகப்படவில்லை.

பட்டியல்பிரியன்:

அதுவும் பட்டியல்தானே நண்பரே?

வலிமானி:

ஆமாம். ஆனால் வலிக்கிற பட்டியல்.

இரவுப்பணி:

ஆத்தர்க்வெரி சார், உங்கள் பதிலை வாசித்துவிட்டு நேற்று ராத்திரி எங்கள் யூனிட் நோட்ஸை எடுத்துப் பார்த்தேன். டினைஸ், டினைஸ், டினைஸ். ஒரே பக்கத்தில். நானே எழுதியதும் அதில் இருக்கிறது. ‘பேஷன்ட் ஃபெயில்டு ட்ரீட்மென்ட்’ என்றும் ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார். சிகிச்சை பலிக்கவில்லை, ஃபெயிலானது பேஷன்ட்! ஆன்ஸ்பாக் கட்டுரையில் பாதி முடித்துவிட்டேன். அகராதி அவ்வளவாகத் தேவைப்படவில்லை, உண்மையாகவே.

வலிமானி அண்ணா, கிராம்பிங்கும் அந்த 78இல் இருக்கிறதா? எங்கள் நோயாளிகள் அதை ‘நரம்பு சுண்டுது’ என்கிறார்கள்.

இன்னொரு சந்தேகம் சார். படிப்பது சரி, எழுதவும் வேண்டுமே. அங்கே போனதும் கட்டுரை கேட்பார்கள். இப்போதே எதையாவது எழுதிப் பழகலாமா, இல்லை சொல் சேரும்வரை காத்திருக்கலாமா?

வலிமானி:

இருக்கிறது சிஸ்டர், ஐந்தாவது தொகுதி. பின்ச்சிங், ப்ரெஸ்ஸிங், க்னாயிங், கிராம்பிங், க்ரஷிங். க்னாயிங்கில் முதல் எழுத்தை உச்சரிக்கக் கூடாது, நாயிங்தான்.

ஆத்தர்க்வெரி:

காத்திருக்க வேண்டாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரீட்டா ஷாரன் என்று ஒரு மருத்துவர், ஆங்கில இலக்கியத்திலும் டாக்டர் பட்டம் வாங்கியவர், நரேட்டிவ் மெடிசின், அதாவது நோயாளியின் கதையைக் கவனித்துக் கேட்டுச் செய்கிற மருத்துவம், என்ற துறையை நிறுவியவர். தன் மாணவர்களுக்கு ‘பேரலல் சார்ட்’ என்று ஒரு பழக்கம் வைத்தார். ஆஸ்பத்திரி சார்ட்டில் எழுத இடமில்லாதது, ஆனால் எங்கேயாவது எழுதியாக வேண்டியது எதுவோ அதைத் தனியாக, சாதாரண மொழியில் எழுத வேண்டும். தன் தாத்தாவை நினைவூட்டுகிற நோயாளியைப் பற்றி ஒரு மாணவர் எழுதலாம், அதை அவர் சார்ட்டில் எழுத முடியாதல்லவா?

நீங்களும் செய்யுங்கள். ஷிஃப்ட் முடிந்து வந்து, அன்று நடந்த ஒன்றை முதலில் கேஸ் ஷீட் இங்கிலீஷில் மூன்று வரி. பிறகு அதையே மனிதர் எழுதுகிற இங்கிலீஷில் ஒரு பத்தி. நோட்டில் சேர்த்து வைத்த தொடர்களில் ஒன்றிரண்டு அந்தப் பத்தியில் தானாக வந்து உட்காரும். வலிந்து உட்கார வைக்காதீர்கள், எனக்குத் தெரிந்துவிடும், உங்கள் பேராசிரியருக்கும் தெரிந்துவிடும்.

பெயர், பெட் நம்பர், ஊர், தேதி எதுவும் வேண்டாம். யூனிட்டில் வைத்து எழுத வேண்டாம், போனிலும் வேண்டாம், வீட்டில் காகிதத்தில். ஒரு பத்தி எழுதியதும் அடையாளத்தையெல்லாம் எடுத்துவிட்டு இங்கே போடுங்கள், வேலையில் ஆசிரியர்களைக் கேட்கிற மாதிரியே க்வெரி (சந்தேகக் கேள்விகள்) எழுதித் தருகிறேன். காசு கேட்க மாட்டேன்.