தார், நிலக்கீல், கீற்காரை

ஐயா, வணக்கம்.

மக்கள் நாவில் 'தார்' இருக்கும்போது சாலை போடும் ஆஸ்பால்டுக்கு (asphalt) நம் கலைச்சொல் பட்டியலில் வேறு சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். 'தார்ச்சாலை' என்ற வழக்கில் நான் கைவைக்கவில்லை. ஆனால் அகராதியில் தார் வேறொரு பொருளுக்கு வேண்டியிருக்கிறது. நிலக்கரியைக் காற்றுப் படாமல் சூடாக்கினால் வடிவது தார். பெட்ரோலியத்தை வடித்தபின் அடியில் தங்குவது பிட்டுமன். நிலக்கரித் தார் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. பழைய சாலையைப் பெயர்த்து மறுபடியும் பயன்படுத்துகிறவர் அதில் இருப்பது எது என்று முதலில் பார்த்தாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் எச்சரிக்கைக் குறிப்பை எப்படி எழுதுவது?

அடுத்த குழப்பம் ஆங்கிலத்தின் உபயம். அமெரிக்கரின் ஆஸ்பால்ட் பெரும்பாலும் அந்தக் கறுப்புப் பசை மட்டும். பிரிட்டிஷாருக்கோ பசையும் சல்லியும் மணலும் சேர்ந்த கலவை. சாலைக் கலவையின் எடையில் பசை ஏறத்தாழ 5 விழுக்காடுதான், மற்றதெல்லாம் கல்லும் மணலும். எந்த நாட்டு நூல் என்று பாராமல் மொழிபெயர்த்தால் அளவே தலைகீழாகிவிடும்.

பசைக்கு 'நிலக்கீல்' இருக்கவே இருக்கிறது. விவிலியத் தமிழில் பாபேல் கோபுரம் கட்டியவர்களுக்குச் சாந்துக்குப் பதிலாக வாய்த்தது நிலக்கீல்தான். நோவாவின் பேழைக்குப் பூசியது கீல். மெசபொத்தேமியாவில் 'ஊர்' (Ur) என்ற பண்டைய நகரத்துச் சிகுராத்தின், அதாவது அடுக்கடுக்கான கோயில் மேடையின், செங்கற்களைப் பிணைத்ததும், மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தில் நீர் கசியாமல் காத்ததும் இதே பொருள். இவ்வளவு பழைய சரக்குக்குப் புதுப்பெயர் சூட்டுவது வீண்வேலை.

கலவைக்குத்தான் சொல் தேவை. கான்கிரீட்டுக்குக் 'கற்காரை' நிலைத்துவிட்டதால், கீல் + காரை = 'கீற்காரை' என்கிறேன். 'கீற்று' நினைவுக்கு வருகிறதே என்பீர்கள். கற்காரை யாருக்கும் கற்பனையை நினைவூட்டவில்லையே! இந்தக் கலவைக்கு முன்மொழியப்பட்ட 'கருங்காரை' காதுக்கு இனிமைதான், ஆனால் நிறமி சேர்த்துச் சிவப்பாகவும் சாலை போடுகிறார்கள். சிவப்புக் கருங்காரை என்று எழுத எனக்குக் கை வராது.

நிலக்கீல் எவ்வளவு இளக்கமானது என்று பார்க்கும் சோதனைக்கு (penetration) பட்டியலில் 'ஊடுருவல்' என்று இருப்பதையும் மாற்ற வேண்டும். சோதனையில் நடப்பது இதுதான்: 25 பாகை செல்சியசில் வைத்த நிலக்கீலின் மேல், மொத்தம் 100 கிராம் எடையோடு ஓர் ஊசியை 5 நொடி விடுகிறார்கள். அது இறங்கிய ஆழத்தை மில்லிமீட்டரின் பத்திலொரு பங்கை அலகாக வைத்து எண்ணுகிறார்கள். ஊடுருவல் என்றால் சாலைக்குள் நீர் இறங்குவதாகப் படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'ஊசியிறக்கம்' என்று போடலாமா?

அன்புடன்.