மறு: கவுன்டர்ஃபேக்சுவல் – ‘இன்றேல்நிலை’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு திட்டம் நடக்காமலே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நிலையை ஆங்கிலத்தில் ‘கவுன்டர்ஃபேக்சுவல்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக நம் குழுவில் வந்த ‘எதிர்மெய்’ என்ற பரிந்துரையை இரண்டு நாளாக மனதில் போட்டுப் பார்த்தேன். ஒட்டவில்லை. நல்கை (நிதியுதவி) மதிப்பீட்டு அறிக்கையில் இந்தச் சொல் வந்தால், மெய்க்கு எதிரானது, அதாவது பொய் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘எதிர்நிலை’யும் வேண்டாம், எதிர்ப்பு என்றாகிவிடும்.

பொருளை ஒரு நிகழ்விலிருந்து பார்ப்போம். வங்கதேசத்தின் ரங்பூர் பக்கம் அறுவடைக்கு முந்தைய மாதங்களில் வேலை இருக்காது. அந்தப் பசிக்காலத்துக்கு அங்கே ‘மொங்கா’ என்று பேர். 2008-ல் ஆய்வாளர்கள் சில ஊர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, நகரத்துக்குப் போய் வேலை தேட ஒரு வீட்டுக்கு 600 டாக்கா, பஸ் செலவு அளவுக்கு, கொடுத்தார்கள். நூற்றில் சுமார் 58 வீடுகளிலிருந்து ஆள் கிளம்பினார்கள். 58-ம் திட்டத்தின் பலன் என்று எழுதிவிடலாமா? பணம் தராத ஊர்களிலும் சுமார் 36 வீடுகளிலிருந்து போயிருக்கிறார்களே! திட்டத்தின் கணக்கில் சேருவது மிச்சமுள்ள 22 தான். பணம் கொடுத்த ஊர்களிலும், கொடுக்காமல் விட்டிருந்தால் சுமார் 36 வீடுகளிலிருந்து போயிருப்பார்கள் என்று ஊகிக்கிறோமே, அந்த நிலைக்குத்தான் நாம் பெயர் தேடுகிறோம்.

போன மாதம் ஒரு நல்கைப் படிவத்தை மொழிபெயர்த்தபோது, களப்பணியில் இருக்கும் ஓர் அக்காவிடம் இதை விளக்கினேன். “நாங்க போகாட்டி என்ன ஆகியிருக்கும்னு கேக்கறாங்க, அதானே?” என்றார். அந்தப் ‘போகாட்டி’யின் எழுத்து வடிவம்தான் ‘இன்றேல்’. பழஞ்சொல் என்று தயங்க வேண்டாம், பள்ளியில் படித்த ‘அஃதின்றேல்’ பலருக்கும் நினைவிருக்கும்.

புணர்ச்சிப்படி ‘இன்றேனிலை’ என்றாக வேண்டாமா என்று குழுவில் ஐயா ஒருவர் கேட்டிருந்தார். கால்நடையைக் ‘கானடை’ என்று இன்று யாரும் எழுதுவதில்லை. அதுபோல எழுத்தை மாற்றாமல் ‘இன்றேல்நிலை’ என்றே எழுதுவோம், பொருள் தெளிவாக நிற்கும்.

‘ஒப்பீட்டுக் குழு’வையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். ஒப்பீட்டுக் குழு என்பது பணம் தராத ஊர்கள், கண்ணால் பார்க்கலாம். இன்றேல்நிலையை யாரும் பார்க்க முடியாது, அந்த ஊர்களை வைத்து ஊகிக்கத்தான் முடியும். இரண்டையும் குழப்பினால் அறிக்கையே குழம்பிவிடும்.

இந்தச் சொல்லுக்கு நான் இவ்வளவு மன்றாடக் காரணம் இருக்கிறது. அதே திட்டம் கடனுதவியாகப் பெரிதான பிறகு, 2017-ல் மறுபடி சோதித்தார்கள். கடன் கொடுத்த ஊர்களில் கூடுதலாக ஆட்கள் கிளம்பியதற்குச் சான்று கிடைக்கவில்லை. திட்டத்தை நடத்திய தொண்டு நிறுவனமான எவிடன்ஸ் ஆக்‌ஷன் அதை மறைக்காமல் வெளியிட்டது. எந்தத் தொண்டு அமைப்புக்கு நன்கொடை தரலாம் என்று ஆராய்ந்து சொல்லும் கிவ்வெல் நிறுவனம், தன் முதன்மைப் பரிந்துரைகளிலிருந்து திட்டத்தை நீக்கியது. 2019-ல் திட்டமே மூடப்பட்டது. இந்த நேர்மையைத் தமிழில் எழுதப் போனால், ‘இன்றேல்நிலையிலிருந்து வேறுபாடு இல்லை’ என்று ஒரே வரியில் சொல்ல முடிய வேண்டும். இப்போதைக்கு ‘திட்டம் தோல்வி’ என்றுதான் எழுதுகிறோம். இரண்டும் ஒன்றல்ல.

மாற்றுச் சொல் இருந்தால் அந்த ‘வேறுபாடு இல்லை’ வரியிலேயே பொருத்திக் காட்டுங்கள். ஞாயிறுக்குள் படிவத்தை அனுப்பியாக வேண்டும்.