அப்பலாச்சியன் பாதை அண்டார்டிகாவில் போய் விழுகிறது, யாராவது உதவுங்கள்

குமுளிக்காரன்:
வணக்கம். அமெரிக்காவில் இருக்கும் என் தங்கை மகன் இந்த வருஷம் அப்பலாச்சியன் டிரெயிலை முழுதாக நடக்கக் கிளம்பிவிட்டான். ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் ஆரம்பித்து மேய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலை வரை 14 மாநிலம், சுமார் 3,500 கி.மீ. நான் நடந்த பெரிய நடையே குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் ஏறியதுதான். அதற்கே மூன்று நாள் கால் வலி.

"இப்போ எங்கே இருக்கான்?" என்று தங்கை தினமும் கேட்கிறாள். சரி, கூகுள் எர்த் புரோவில் பாதையைப் போட்டுக் காட்டலாம் என்று இறங்கினேன். அவன் அனுப்பிய எக்செல் தாளில் 2,000 புள்ளிகள். அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் என மூன்று பத்தி. அதே வரிசையில் காற்புள்ளி போட்டுச் சேர்த்து, இணையத்தில் கிடைத்த மாதிரி கே.எம்.எல். கோப்பில் (எர்த் படிக்கும் இடக்குறிப்புக் கோப்பு) ஒட்டினேன். திறந்தால் கோடு அண்டார்டிகாவில்! அதுவும் அங்கங்கேதான் தெரிகிறது, நடுவில் பெரும்பகுதியைக் காணோம்.

கம்பம் மெட்டு:
கிராபிக்ஸ் டிரைவர் பழசாக இருக்கும் அண்ணே. எர்த்தை அழித்துவிட்டுத் திரும்ப நிறுவிப் பாருங்கள்.

குமுளிக்காரன்:
செய்தாச்சு. மலையில் மழை, நெட் நொண்டியதில் ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. இன்னும் அண்டார்டிகாதான்.

மறையூர்:
டிரைவரை விடுங்கள் அண்ணே. கே.எம்.எல்.லில் தீர்க்கரேகைதான் முதலில் வரவேண்டும், அப்புறம் அட்சரேகை, கடைசியில் உயரம். நம் வாய்வழக்கத்துக்கு நேர் எதிர். ஸ்பிரிங்கர் மலை வடக்கே 34.63, மேற்கே 84.19. மேற்கு என்பதால் 84.19க்கு முன்னால் கழித்தல் குறி. நீங்கள் இரண்டையும் மாற்றிப் போட்டதில் அது தெற்கே 84 பாகையாகிவிட்டது. அது துருவத்துப் பனி.

நடுவில் காணாமல் போனதற்கும் காரணம் உண்டு. ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி பக்கம் பாதை தாழ்வாகப் போகிறது. மாற்றிப் போட்டால் அந்த இடம் அண்டார்டிகாவின் டோம் ஃபூஜி என்ற பனிமேட்டருகே விழும். அங்கே பனியின் மேல்மட்டமே 3,800 மீட்டர், உங்கள் கோடு அதற்கடியில் புதைந்து கிடக்கிறது.

முதலில் ஒரே ஒரு புள்ளியை வைத்துச் சோதியுங்கள். குமுளிக்கு 77.17, 9.6 என்று எழுதினால் வீட்டுப் பக்கம் வரும். 9.6, 77.17 என்றால் ஸ்வால்பார்டுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் போய் நிற்பீர்கள்.

போடி ஏலக்காய்:
மாற்றும்போது கழித்தல் குறியை விட்டுவிடாதீர்கள். எனக்கு ஒருமுறை இதே ஜார்ஜியா திபெத்தில் போய் உட்கார்ந்தது.

குமுளிக்காரன்:
பத்தியை இடம் மாற்றினேன், அமெரிக்கா வந்துவிட்டது! ஆனால் கோடு தரையில் இல்லை, மலைக்கு மேலே மேகம் மாதிரி தொங்குகிறது. குவோஹியில் 6,643 என்று காட்டுகிறது.

மறையூர்:
அது அடி அண்ணே. எர்த் அதை மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். பாதையிலேயே உயரமான இடம் குவோஹி, முன்பு கிளிங்மன்ஸ் டோம் என்பார்கள். அதுவே 2,025 மீட்டர்தான். உங்கள் மாதிரிக் கோப்பில் ஆல்டிட்யூட் மோட் 'அப்சல்யூட்' என்று இருக்கும், அதாவது கொடுத்த உயரத்தை அப்படியே கடல்மட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அதை 'கிளாம்ப் டு கிரவுண்ட்' (தரையோடு ஒட்டு) ஆக்குங்கள். உயரப் பத்தியே அப்புறம் வேண்டாம். கூடவே கோட்டைத் தரையின் மேடுபள்ளத்துக்கு வளைக்கும் 'டெசலேட்' என்பதற்கு 1 கொடுங்கள். இல்லாவிட்டால் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே கோடு மலைக்குள் நுழைந்து மறையும்.

குமுளிக்காரன்:
ஒட்டிக்கொண்டது தம்பி! ஒரே சந்தேகம். கோட்டின் நீளம் 2,900 சொச்சம் கி.மீ. என்கிறதே? மீதி 600 எங்கே?

போடி ஏலக்காய்:
போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்தில் ஒரு புள்ளி, செக்போஸ்டில் ஒரு புள்ளி வைத்துக் கோடு போட்டால் எவ்வளவு வரும்? உங்கள் 2,000 புள்ளிக்கும் அதே கதைதான். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒன்றே முக்கால் கிலோமீட்டர். வளைவு தெரிய வேண்டுமானால் வேமார்க்ட் டிரெயில்ஸ் தளத்தில் பாதையைத் தேடி ஜி.பி.எக்ஸ். (ஜி.பி.எஸ். பாதைக் கோப்பு) வடிவில் இறக்குங்கள், எர்த் புரோ நேராகத் திறக்கும். பெரிய கோப்பு, பழைய கணினி என்றால் திணறும்.

குமுளிக்காரன்:
திணறத்தான் செய்கிறது. தங்கைக்கு 2,000 புள்ளிக் கோடே போதும். அவள் கேட்பதெல்லாம் இன்று எந்த ஊர், அங்கே மழையா என்பதுதான். ரொம்ப நன்றி தம்பிகளா.